வெண்ணெய் இல்லாத வெண்ணெய்

சமையலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எழுபது வயது வரை அடுப்பின் பக்கம் போகாமல், இலையின் முன் அமர்ந்து சுவை பேசி வந்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். சென்ற நவராத்திரியின்போது, தவிர்க்க முடியாத காரணம் ஒன்றால், ஒரு பண்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நானே செய்து இறக்க நேர்ந்தது. அந்த ஓர் இரவு எனக்குக் கற்பித்ததைச் சொல்லவே இக்கட்டுரை.

பண்டத்தின் பெயரே ஒரு புதிர். ஆங்கிலத்தில் அதனை ‘ஆப்பிள் பட்டர்’ என்பர். ஆப்பிள் உண்டு, பட்டர் என்னும் வெண்ணெய் மருந்துக்கும் இல்லை. பழத்தை நெடுநேரம் இளஞ்சூட்டில் வேகவைத்து, நீர் வற்றி, நிறம் கறுத்து, ரொட்டியின்மேல் வெண்ணெயைப் போல் வழவழவென்று தடவும் பதத்துக்கு வந்தபின் இறக்குவதால் அப்பெயர் வந்தது. அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரிடம் ஒரு கிண்ணத்தை நீட்டிப் பெயரைச் சொன்னபோது, அவர் உள்ளே எட்டிப் பார்த்து, “பெண்ணெ எல்லி?” என்று கேட்டார். வெண்ணெய் எங்கே என்ற அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தமிழில் என்ன பெயரிடுவது என்பதும் எளிதன்று. ஆப்பிளுக்கே அரத்தி என்றும் குமளி என்றும் பெயர் தந்தவர்கள் உண்டு. கடைத்தெருவில் அவ்விரண்டையும் கேட்டு வாங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எங்கள் தாயார் இதே பண்டத்தை ‘ஆப்பிள் லேகியம்’ என்று அழைத்தார். அதனினும் பொருத்தமான பெயர் இன்று வரை எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, அத்தனை ஆப்பிள் வீட்டுக்கு வந்த கதை. என் மனைவிக்குப் புரட்டாசியில் வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அபாயம் ஒன்றும் இல்லை. ஆயினும் ஆறு வாரம் பளு தூக்கக்கூடாது, சில நாள் மென்மையான உணவே கொள்ளவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. நலம் விசாரிக்க வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. ஒவ்வொரு பையிலும் ஆப்பிள். இந்த நாட்டில் ஆப்பிளை நாம் பழமாகவே கருதுவதில்லை. நோயாளியைப் பார்க்கச் செல்வதற்குரிய அனுமதிச் சீட்டாகவே கருதுகிறோம். அது ஆப்பிள் பருவமும்கூட. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இமாசலத்திலிருந்தும் காசுமீரத்திலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பழம், தசராக் கூட்டத்துக்கு நடுவே மைசூரின் தேவராஜ மார்க்கெட்டில் செந்நிறக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். பத்து நாளில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு சிறு குன்று எழுந்தது. பாதி மாவு பிடித்துத் தளரத் தொடங்கியது. என் மனைவிக்கோ பச்சை ஆப்பிளைக் கடித்துண்ண அனுமதி இல்லை.

கூடத்தில் நின்று அந்தப் பழங்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய இதே காட்சி அறுபது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது.

1965-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. சாமராஜபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். தந்தையார் டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து எழுந்தார். கடினமான உணவு எதுவும் கூடாது. அலுவலக நண்பர்கள் கொண்டுவந்த ஆப்பிள்கள் மூங்கில் கூடையில் நிறைந்திருந்தன. இன்று போல் அன்று அது எளிதில் கிடைக்கும் பழம் அன்று. எங்களைப் போன்ற இல்லங்களில் யாரேனும் நோய்வாய்ப்பட்டாலன்றி ஆப்பிளைக் கண்ணால் காண்பது அரிது. அதை அழுக விடுவது பாவம் என்று தாயார் எண்ணினார்.

அந்தப் பழம் நம்மிடம் வந்து சேர்ந்த வழி வியப்பானது. ஃபிலடெல்ஃபியா நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற இளைஞர், 1904-இல் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்ய இந்தியா வந்து, சிம்லாவுக்கு அப்பால் உள்ள கோட்கட்டில் தங்கிவிட்டார். 1916-இல் அவர் அமெரிக்காவிலிருந்து ‘ரெட் டெலிசியஸ்’ கன்றுகளை வருவித்து நட்டார். மலைநாட்டு உழவர்களின் வாழ்வை மாற்றிய பயிராக அது வளர்ந்தது. அவர் விடுதலைப் போரில் சிறை சென்றார். பின்னாளில் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டார். அவர் பிறந்த பென்சில்வேனியா மாநிலம்தான் ஆப்பிள் பட்டருக்கும் பேர்போனது என்பதை வெகுகாலம் கழித்து என் மகள் வாயிலாக அறிந்தேன்.

தாயாருக்கு இவையொன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நெல்லிக்காய் லேகியம். பழத்தை வேகவைத்து மசித்து, இனிப்பும் மணப்பொருளும் சேர்த்து, சுருளும் வரை கிண்டினால் கெடாது என்ற மரபறிவை அவர் ஆப்பிளுக்குப் பொருத்தினார். சர்க்கரை பங்கீட்டில் கிடைத்த காலம் அது. ஆகையால் பாதிக்குப் பாதி வெல்லம் சேர்த்தார். பட்டை, நான்கு கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு, ஓர் எலுமிச்சையின் சாறு. பாத்திரம், அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்சட்டி. புளிப்புள்ள பொருளை ஈயம் தேய்ந்த பித்தளையில் வைத்தால் களிம்பேறும். கல்சட்டிக்கு அந்தக் குற்றம் இல்லை. சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடுவது அதன் குணம்.

மாலை விளக்கேற்றிய பின் குமுட்டி அடுப்பில் கரியைப் பரப்பிக் கல்சட்டியை ஏற்றினார். பத்து மணிக்கு வீடு உறங்கிற்று. நான் சமையற்கட்டின் வாயிலில் பாயை விரித்துப் படுத்திருந்தேன். கரியின் செம்மை அவர் முகத்தில் ஏறியிருந்தது. கரண்டி வலமாகச் சுற்றும், அடியைத் தொட்டு மீளும், மறுபடியும் சுற்றும். நடுநிசிக்குமேல் பழக்கூழ் இறுகத் தொடங்கியதும் ‘டப், டப்’ என்று குமிழிகள் வெடித்துத் தெறித்தன. தெறித்த துளி கையில் விழும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். கரண்டியை மட்டும் விடமாட்டார். நான் எப்போது உறங்கினேன் என்று தெரியாது. விடிந்தபோது கூழ் கறுஞ்சிவப்பாகச் சுருண்டு, வீடெல்லாம் பட்டையும் பழமும் கலந்த மணம். தந்தையார் சுவைத்துவிட்டு, “அமிர்தம்” என்றார். குணமாகி, அதற்குப் பின் பதினான்கு ஆண்டுகள் அவர் நன்றாக வாழ்ந்தார். வருவோர் போவோரிடமெல்லாம் அந்த லேகியத்தின் பெருமையைச் சொல்லி மகிழ்ந்தார். தாயாரின் வலது மணிக்கட்டுக்குமேல் மிளகளவில் நான்கைந்து தழும்புகள் இருந்தன. அவற்றைப் பற்றி எவரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

கூழ் ஏன் தெறிக்கிறது என்பதை எனக்குப் பின்னாளில் விளக்கியவர், எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் ஆய்வாளர். 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்று, எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை நாட்டுக்கு அளித்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார். மைசூரில் வாழ்பவர்க்கு இது ஒரு வசதி. ஜாம் கெட்டுப்போனால் காரணம் கேட்பதற்குத் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். அவர் சொன்னது இது. பழச்சாறு நீர்த்திருக்கும் வரை, அடியில் சூடான பகுதி மேலே எழும், மேலுள்ளது கீழே இறங்கும்; சூடு தானே பரவும். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு வரை நீர். அந்நீர் வற்ற வற்ற, பெக்டின் என்னும் பசைப்பொருள் செறிந்து கூழ் கெட்டியாகிறது, உள்ளோட்டம் நின்றுவிடுகிறது. அடியில் சேரும் சூட்டுக்கு மேலே போக வழியில்லை. அங்குள்ள சர்க்கரை கருகத் தொடங்கும்; அடியில் சிக்கிய ஆவி கூழைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். சூடு செய்யத் தவறிய வேலையைக் கரண்டி செய்தாக வேண்டும். ஆகவே, எப்போது கூழ் கையைச் சுடத் தொடங்குகிறதோ, அப்போதுதான் கையை எடுக்கக்கூடாத வேளையும் வருகிறது.

1984-ஆம் ஆண்டு, தமிழன்பர்கள் கூடிய ஒரு விழாவில், ‘இல்லறமும் நல்லறமும்’ என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் அந்த இரவையே பொருளாக எடுத்துக்கொண்டேன். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய, தயிர் பிசைந்து குழம்பு வைத்த இளம் மனைவியின் பாட்டை நினைவூட்டினேன். கணவன் சுவைத்து உண்ணக் கண்டு அவள் முகம் மெல்ல மலர்ந்த அழகை விரித்துரைத்தேன். அங்கிருந்து எங்கள் வீட்டுச் சமையற்கட்டுக்கு வந்தேன். தமிழ்ப் பெண்மையின் பொறுமைக்கு அந்தக் கரண்டியே சான்று என்று முடித்தேன். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. முன்வரிசையில் தாயார் அமர்ந்திருந்தார்.

வீடு திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின், வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

“பொறுமையாவது ஒண்ணாவது! கையை எடுத்தா அடிபிடிக்கும். அடிபிடிச்சா அத்தனை பழமும் வீணாப் போகும். அதுக்காகக் கிண்டினேன். அன்னிக்கு எனக்குத் தூக்கமாத் தூக்கம் வந்ததுடா. யாராவது வந்து கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடிச்சுக்க மாட்டாங்களான்னு இருந்தது.”

சற்றுப் பொறுத்து, “நீ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தே” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் அன்று அது. நடந்ததை நினைவுகூரும் குரல். ஆகையினால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது. பத்து வயதுச் சிறுவன் கரண்டி பிடிக்கவில்லை என்பது பெருங்குற்றம் ஆகாது என்று யாரும் சொல்லலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மேடையேறி, அவர் உறக்கத்தை இழந்ததை ஒரு நற்பண்பாக மாற்றிக் கைதட்டல் வாங்கியவன் சிறுவன் அல்லனே!

அன்றிரவு குறுந்தொகையை எடுத்து அந்தப் பாட்டை மறுபடியும் படித்தேன். அவள் கண்களில் தாளிதப் புகை படிந்திருந்ததைப் புலவர் சொல்லியிருக்கிறார். அழுக்குப் படிந்த ஆடையைத் துவைக்கவும் நேரமின்றி அவள் அதையே உடுத்து நின்றதையும் சொல்லியிருக்கிறார். மேடையில் நான் இரண்டையும் விட்டுவிட்டேன். பாட்டு யாருடைய கூற்று என்பதையும் அப்போதுதான் ஊன்றிக் கவனித்தேன். புதுமனைக்குச் சென்று பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாய்க்குச் சொல்லும் செய்தி அது. கணவன் சுவையைக் கண்டான். புகை படிந்த கண்ணைக் கண்டவள் வளர்த்த தாய். புலவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

தாயார் 1998-இல் மறைந்தார். கல்சட்டி, மனைவியின் கைக்கு வந்தது. அதில் வற்றல் குழம்பு நடந்தது, லேகியம் நடக்கவில்லை.

2019-இல் என் மகள் பென்சில்வேனியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு மின்சாரக் கலத்தைக் கொண்டுவந்தாள். ‘ஸ்லோ குக்கர்’ என்று அதற்குப் பெயர். கனத்த பீங்கான் பானை ஒன்று. அதனைச் சூழ்ந்து பக்கங்களைச் சுடவைக்கும் கம்பிச் சுருளை அடக்கிய உறை. மேலே கண்ணாடி மூடி. அந்நாட்டு மின்னழுத்தம் நம்முடையதில் பாதியே ஆதலால், அழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றும் உடன் வந்தது. அவள் வாழும் ஊர்ப்புறத்தில், ஜெர்மானிய மரபினரான உழவர்கள், இலையுதிர் காலத்தில் பெரிய செப்புக் கொப்பரையை வெட்டவெளியில் ஏற்றி ஆப்பிள் பட்டர் காய்ச்சுவார்களாம். நெருப்பு சுடாத தொலைவில் நின்று கிண்டுவதற்கென்று மிக நீண்ட காம்புள்ள மரத்துடுப்பு. காலையில் தொடங்கினால் மாலை வரை ஆகும். அண்டை அயலார் கூடி முறை வைத்துத் துடுப்பைப் பிடிப்பார்கள். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவிலும் ‘கறுப்பு வெண்ணெய்’ என்ற பெயரில் இத்தகைய பண்டம் உண்டு. இரவெல்லாம் ஊரார் கூடிப் பாடிக்கொண்டே கிண்டுவது அத்தீவின் வழக்கம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. அங்கும் கூழ் அடிபிடிக்கும். அங்கும் கையை எடுக்கக்கூடாது. அங்கும் உறக்கம் வரும். ஆனால் அந்த வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஆகவே அதற்குத் திருவிழா என்று பெயர் வந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தி தனியே செய்தாள். அதற்குப் பொறுமை என்று நாங்கள் பெயரிட்டோம்.

தோன்றியதென்னவோ உண்மை. ஆயினும் பழகிய நா சும்மா இருக்கவில்லை. மகள் கலத்தைத் திறந்து காட்டியதும், “இயந்திரத்தில் சமைத்தால் கைமணம் எங்கிருந்து வரும்?” என்று ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். மனைவி எதுவும் சொல்லாமல் கலத்தை அதன் பெட்டிக்குள் வைத்துக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

சென்ற நவராத்திரியில், ஆப்பிள் குன்றின் முன் நின்ற எனக்கு அந்தப் பரண் நினைவுக்கு வந்தது. ஏணி போட்டு இறக்கினேன். மனைவி படுக்கையிலிருந்து முறை சொன்னாள்; நான் செய்தேன். இரண்டு கிலோ பழத்தைத் தோல் சீவி, விதையறையை நீக்கி நறுக்கினேன். நறுக்கிய துண்டு காற்றுப்பட்டால் கறுக்கும் என்பதால் எலுமிச்சைச் சாற்றைப் பிசிறினேன். 200 கிராம் சர்க்கரையும் 100 கிராம் வெல்லத்தூளும், விரல் நீளப் பட்டையும், நான்கு கிராம்பும், சாதிக்காயைச் சுரண்டிய தூள் சிறிதும், அரைக் கோப்பை நீரும் சேர்த்தேன். இரவு 9 மணிக்கு மூடியைப் போட்டு, தாழ்ந்த சூட்டில் விசையைத் திருப்பினேன். வேலை முடிந்துவிட்டது. நம்ப முடியவில்லை.

அந்தக் கலத்தின் வரலாற்றை மகள் அனுப்பிய செய்தியில் படித்திருந்தேன். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-இல் விண்ணப்பித்து 1940-இல் அதற்கு உரிமம் பெற்றார். அவருக்கு எண்ணத்தைத் தந்தவர் அவருடைய தாயார். லித்துவேனியாவில் வில்னா நகரத்து யூதக் குடும்பத்தவர் அவர். யூதர்களின் ஓய்வு நாளில் நெருப்பு மூட்டுதல் கூடாது. எனவே வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன், அவரையும் இறைச்சியும் கிழங்கும் இட்ட பானையைத் தெருக்கோடி ரொட்டிக்கடையில் கொண்டு வைப்பார்களாம். அடங்கிவரும் அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவெல்லாம் வெந்து, மறுநாள் பகலுக்கு உணவாகும். தாயார் சொன்ன அந்தப் பானையை மகன் மின்சாரத்தில் செய்தார். 1970-இல் அவரது நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம் அடுத்த ஆண்டே அதற்குப் புதுப்பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் செல்லும் மகளிர் விரும்பி வாங்கினர்.

இக்கதையில் என்னைத் தொட்ட செய்தி ஒன்று. உணவு மெல்ல வேகவேண்டும் என்பதும், சமைப்பவர் ஓய்வு கொள்ளவேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஓய்வுக்காகவே மெல்ல வேகவைத்த ஒரு சமூகம் இருந்திருக்கிறது. அந்த மகன் தன் தாயாரின் கதையைக் கேட்டு ஒரு கலத்தைச் செய்தார். என் தாயாரின் இரவைக் கொண்டு நான் ஒரு சொற்பொழிவைச் செய்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 11 மணிக்கு மணம் மெல்ல எழுந்தது. 2 மணிக்கு எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். மின்பெட்டியின் மெல்லிய முரல் தவிர ஓசை இல்லை. கண்ணாடி மூடியில் நீர் முத்துக்கள். அடிபிடித்திருக்குமோ என்ற அச்சத்தில் மூடியைத் தூக்கினேன்.

“மூடியைத் திறக்காதீங்க. போன சூடு திரும்ப ஏற அரை மணி ஆகும்” என்று உள்ளிருந்து மனைவியின் குரல்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பரண்ல ஏத்தறதுக்கு முன்னாலேயே அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டேன்.”

“பிறகு ஏன் ஒருநாள்கூடச் செய்யவில்லை?”

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, “கைமணம் இல்லைன்னு சொல்லிட்டீங்களே” என்றாள்.

இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கும் தோளில் வலி வரும் வயதாகி வெகுநாளாயிற்று. ஆறு ஆண்டுகள் அந்தக் கலம் என் ஒரு வாக்கியத்தைத் தலையில் சுமந்து பரணில் இருந்திருக்கிறது. அதற்கிடையில் எத்தனை அல்வா, எத்தனை தொக்கு, எத்தனை இரவு! எல்லாவற்றையும் நான் உண்டிருக்கிறேன், பாராட்டியும் இருக்கிறேன்.

இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று சொல்ல மாட்டேன். காலை 7 மணிக்குத் திறந்தபோது பழம் குழைந்து பொன்னிறமாக இருந்ததேயன்றிக் கெட்டிப்படவில்லை. மூடியிட்ட கலத்தில் எழும் ஆவி மீண்டும் நீராகி உள்ளேயே விழும். பட்டையையும் கிராம்பையும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கீரை மத்தால் மசித்து, கலத்தின் விளிம்பில் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் மூடியைச் சாய்த்து, ஆவி வெளியேற வழி செய்து, உயர்ந்த சூட்டில் மேலும் மூன்று மணி நேரம் விட்டேன். அரைமணிக்கு ஒருமுறை கிளறினால் போதும். பதம் பார்ப்பதற்குக் கருவி இல்லை. குளிர்ந்த தட்டில் ஒரு துளி வைத்து, அதைச் சுற்றி நீர் கசிகிறதா என்று கண்ணால்தான் பார்க்கவேண்டும். மைசூர்பாகு பிறந்த ஊரில் வாழ்பவனுக்குப் பதம் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மைசூர்பாகின் பதம் ஒரு நொடியில் வந்து மறு நொடியில் போய்விடும். இதன் பதம் மெல்ல வந்து, நமக்காகக் காத்து நிற்கும். என்னைப் போன்ற பிந்தி வந்த மாணவனுக்கு ஏற்ற பண்டம்.

முதல் துளியைச் சுற்றி வளையம்போல் நீர் படர்ந்தது. இரண்டாவதிலும் சற்றே கசிந்தது. மூன்றாவது துளி வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. இரண்டு கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோவாக வற்றியிருந்தது. ஜாமில் சர்க்கரை முதலிய கரைபொருள்கள் நூற்றுக்கு 65 பங்கு அளவில் இருப்பதால் அது வெளியிலேயே நெடுநாள் நிற்கும். இதில் அவ்வளவு சர்க்கரை இல்லை. எனவே வெந்நீரில் கழுவி உலர்த்திய புட்டிகளில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.

மனைவிக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சென்றேன். அவள் ஒரு கரண்டி வாயில் இட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லுக்காக அப்படி நிற்பது எப்படிப்பட்டது என்பதை எழுபது வயதில்தான் அறிந்தேன். எத்தனை ஆயிரம் முறை அவள் அப்படி நின்றிருப்பாள்! நான் செய்தித்தாளைப் பார்த்தபடி உண்டு எழுந்த நாட்களும் அவற்றுள் உண்டு.

“உப்பு போட்டீங்களா?” என்றாள்.

மறந்துவிட்டேன். தாயார் போட்ட அந்த ஒரு சிட்டிகை உப்பை மறந்தே விட்டேன்.

“பட்டை கொஞ்சம் தூக்கல்” என்றாள் பிறகு. அதற்குப் பின், கிண்ணம் காலியாகும் வரை பேசவில்லை.

அன்று மாலை புட்டிகளில் ஒட்டுவதற்குத் தாளை வெட்டிக் கொடுத்து, என்ன பெயர் எழுதலாம் என்று கேட்டேன். அவள் பேனாவை வாங்கி, நாளைக் குறித்து, ‘ஆப்பிள் லேகியம்’ என்று எழுதினாள். என் தாயாரின் கல்சட்டியிலிருந்து அந்தப் பெயர் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது போலும். நான் பீங்கான் பானையைக் கழுவித் துடைத்தேன். அடியில் கருகல் ஒரு புள்ளியும் இல்லை. பெட்டிக்குள் வைக்கப் போனபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அதைப் பரண்ல ஏத்த வேண்டாம். அடுப்பு மேடையிலேயே இருக்கட்டும்” என்றாள்.

இப்போது அது அங்கேதான், கல்சட்டிக்கு அருகில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு இரவுகள் அதில் ஏதேனும் வேகிறது. விசையைத் திருப்புவது என் வேலை. மூடியைத் திறக்காமல் உறங்கப் போவதற்கு மட்டும் இன்னும் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.